ரிலீஸுக்குக் கையெழுத்துப் போடுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சி மொழியில் ஃபர்ம்வேரும் (சாதனத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) நெட்வொர்க் சாதனங்களுக்கான மென்பொருளும் செய்து விற்கும் நிறுவனங்களின் பொறியியல் தலைவர்கள், ப்ராஜெக்ட் மேனேஜர்கள் அனைவருக்கும்,

வணக்கம். ஸ்டாட்டிக் அனாலிசிஸ் டூல் (நிரலை ஓட்டாமலே படித்துப் பிழை தேடும் மென்பொருள்) கக்கும் அறிக்கையை உட்கார்ந்து படித்து, எது உண்மையான ஓட்டை, எது வெறும் சத்தம் என்று பிரித்துக் கொடுப்பது என் வேலை. பல இடங்களில் இது தண்டனை மாதிரி. புதிதாகச் சேர்ந்தவர் தலையில்தான் வந்து விழும். எனக்கு இது பிடித்த வேலை. பிடித்த வேலை வீணாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

நடப்பது உங்களுக்குத் தெரியாததில்லை. மாதக்கணக்கில் நிரல் எழுதுகிறோம், சோதிக்கிறோம். ரிலீஸ் நெருங்கும்போது யாருக்காவது செக்லிஸ்ட் ஞாபகம் வரும். டூலை ஓட்டுவோம். ஆயிரக்கணக்கில் வார்னிங் வந்து நிற்கும். கல்யாணத்துக்கு முதல் நாள் ஜாதகம் பார்க்கிற கதைதான்: பொருந்தவில்லை என்று தெரிந்தால் மட்டும் என்ன செய்துவிடப் போகிறோம்? அறிக்கையை எக்செல்லில் திறந்து, ஒரு கட்டத்தில் ‘ஃபால்ஸ் பாசிட்டிவ்’ (பொய் எச்சரிக்கை) என்று அடித்து, அதைப் பிடித்துக் கீழே கடைசி வரிசை வரை இழுத்துவிட்டதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். ஆடிட்டர் வந்தார், அறிக்கை இருக்கிறதா என்று கேட்டார், இருந்தது, போய்விட்டார்.

டூலுக்கு லைசென்ஸ் பணம் கட்டியது நீங்கள். அதை எப்போது ஓட்டுவது, யார் படிப்பது, படிக்க எத்தனை நாள் கொடுப்பது என்று முடிவு செய்வதும் நீங்கள்தான். நிரல் எழுதுபவர் கையில் இதில் எதுவும் இல்லை. அதனால்தான் மடல் அவருக்கு இல்லை, உங்களுக்கு.

முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. இன்ஃபர் என்று ஒரு டூல். லண்டனில் மொனாய்டிக்ஸ் என்ற சிறிய நிறுவனம் நடத்தியவர்களின் கைவண்ணம். 2013-இல் ஃபேஸ்புக் அவர்களை வாங்கியது, 2015-இல் டூலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஆரம்பத்தில் ஃபேஸ்புக்கிலும் மொத்தமாக ஓட்டி, கிடைத்த பட்டியலைப் பொறியாளர்களிடம் நீட்டிப் பார்த்தார்கள். திருத்தப்பட்டவை கிட்டத்தட்ட பூஜ்யம். பிறகு அதே டூலை, ஒருவர் தன் மாற்றத்தை ரிவ்யூவுக்கு அனுப்பும் நேரத்திலேயே ஓடும்படி வைத்தார்கள். டூல் சொல்வது சக ஊழியர் எழுதும் ரிவ்யூ கமெண்ட் மாதிரி அந்த வரிக்குப் பக்கத்திலேயே தெரியும். திருத்தும் விகிதம் 70 சதவீதத்தைத் தாண்டியது. அவர்களே 2019-இல் எழுதி வெளியிட்ட விஷயம் இது. அல்காரிதம் மாறவில்லை, ஆட்கள் மாறவில்லை. எப்போது சொன்னோம் என்பது மட்டும்தான் மாறியது.

இதில் மர்மம் எதுவும் இல்லை. இன்று காலை எழுதிய வரியில் பாயின்டர் (மெமரியில் ஓர் இடத்தின் முகவரி) காலியாக வரலாம் என்று இன்று மதியம் சொன்னால், எழுதியவருக்கு அந்த ஃபங்ஷன் முழுவதும் தலையில் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் திருத்திவிடுவார். அதையே நான்கு மாதம் கழித்துச் சொன்னால், அவர் வேறு ப்ராஜெக்ட்டில் இருப்பார், அல்லது வேறு கம்பெனியில். இன்னொருவர் அந்த நிரலை முதலிலிருந்து புரிந்துகொள்ள வேண்டும். ரிலீஸ் வாரத்தில் அதற்கு யார் நேரம் கொடுப்பார்கள்?

‘சரி, பழைய நிரலில் ஏற்கெனவே குவிந்து கிடக்கிறதே?’ என்பீர்கள். குவிந்தது கிடக்கட்டும். இன்றைய தேதிக்கு இருக்கும் வார்னிங் எல்லாவற்றையும் ஒரு கோட்டுக்குக் கீழே தள்ளுங்கள். இனிமேல் எழுதும், மாற்றும் நிரலில் புதிதாக எதுவும் சேரக் கூடாது என்று மட்டும் பில்டில் தடை போடுங்கள். பெரும்பாலான டூல்களில் இதற்கு வசதி இருக்கிறது. பழையதைத் தனியாக, அவசரமில்லாமல், ஆபத்தான மாட்யூலிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம்.

இரண்டாவது, சத்தம். ஒரு நிரலை ஓட்டாமலே அதன் நடத்தையைப் பற்றிய கேள்விகளுக்கு, எல்லா நிரல்களுக்கும் தப்பாமல் பதில் சொல்லும் டூலை யாராலும் செய்ய முடியாது. ஹென்றி ரைஸ் 1953-இலேயே இதைக் கணிதமாக நிரூபித்துவிட்டார். ஆகவே ஒவ்வொரு டூலும் எதையாவது விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்: சிலவற்றைக் கோட்டை விடும், அல்லது இல்லாததை இருப்பதாகச் சொல்லும், பெரும்பாலும் இரண்டும். விதிவிலக்கு மாதிரி தெரிபவைகூட விலை கொடுத்து வாங்கியவைதான். ஏர்பஸ் ஏ340 விமானத்தின் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளை, சுமார் 1,32,000 வரி சி நிரலை, 2003-இல் பிரான்ஸின் ஆஸ்ட்ரே டூல் முழுதாக அலசி, ஓடும்போது வரும் பிழைகள் இல்லை என்று ஒரு பொய் எச்சரிக்கைகூட இல்லாமல் நிரூபித்தது. ஆனால் அந்த நிரலில் டைனமிக் மெமரி (ஓடும்போது மெமரி கேட்டு வாங்குவது) கிடையாது, ரிகர்ஷன் (ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைப்பது) கிடையாது. டூலையும் அந்த வகை நிரலுக்கென்றே செதுக்கியிருந்தார்கள். நம் ரவுட்டர் ஃபர்ம்வேர் அப்படியா இருக்கிறது?

கவரிட்டி டூலை உருவாக்கிய ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் டாசன் எங்லரும் கூட்டாளிகளும் அதைப் பல வருடம் விற்ற அனுபவத்தை 2010-இல் எழுதினார்கள். பொய் எச்சரிக்கை 30 சதவீதத்தைத் தாண்டினாலே ஆட்கள் டூலைக் கண்டுகொள்வதை நிறுத்திவிடுகிறார்கள் என்பது அவர்கள் கணக்கு. அதைவிட மோசம், புரியாத உண்மைப் பிழையையும் பொய் என்று தள்ளிவிடுகிறார்கள் என்பது. இது மனித சுபாவம்; பயிற்சி வகுப்பு வைத்து மாற்ற முடியாது. ஓசையைக் குறைக்கத்தான் முடியும்.

ஓசையை அதிகமாக்குவது பல நேரம் நாமேதான். வாகனத் துறைக்கு வேலை செய்யும் இடங்களில் மிஸ்ரா சி என்ற, பாதுகாப்பாக சி நிரல் எழுதுவதற்கான விதிகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து ஓட்டுகிறார்கள். 2012 பதிப்பில் விதி 15.5, ஒரு ஃபங்ஷனிலிருந்து வெளியேற ஒரே வழிதான் இருக்க வேண்டும் என்கிறது. அது வெறும் ஆலோசனை வகை. விதி 18.1, பாயின்டர் கணக்கு அதே அரேயின் (மெமரியில் வரிசையாக வைத்த மதிப்புகளின்) எல்லைக்குள் நிற்க வேண்டும் என்கிறது. அது கட்டாயம், விலக வேண்டுமானால் எழுத்தில் காரணம் வேண்டும். அறிக்கையில் முதலாவது நூற்றுக்கணக்கில் வரும். இரண்டாவது நடுவில் எங்கோ ஒன்று, இரண்டு. தாக்குதல் செய்பவனுக்கு எத்தனை ரிட்டர்ன் (வெளியேறும் வழி) இருக்கிறது என்பதில் அக்கறை இல்லை. அந்த 18.1 மேல்தான் அவன் கண்.

அப்புறம் ஒரு விண்ணப்பம்: ‘வார்னிங் பூஜ்யம்’ என்பதை யாருடைய அப்ரைசலிலும் இலக்காக வைக்காதீர்கள். வைத்தால் பூஜ்யம் வரும், எப்படி வரும் என்றுதான் கேட்கக் கூடாது. மதிப்புக் கொடுக்காத வேரியபிள் என்று டூல் சொன்னால், மேலே ஒரு ‘சமம் 0’ போட்டு வாயை அடைப்பார்கள். எந்தப் பாதையில் மதிப்பு வராமல் போகிறது என்ற கேள்வி அதோடு புதைந்துபோகும். ஸ்ட்ரிங் காப்பி ஆபத்து என்று சொன்னால், கண்ணை மூடிக்கொண்டு எல்லா இடத்திலும் ஸ்ட்ரென்காப்பி (நீள வரம்போடு காப்பி செய்யும் ஃபங்ஷன்) என்று மாற்றுவார்கள். இடம் போதாவிட்டால் அது கடைசியில், ஸ்ட்ரிங் முடிந்தது என்று காட்டும் பூஜ்ய பைட் வைக்காது. அடுத்து அந்த ஸ்ட்ரிங்கைப் படிக்கும் ஃபங்ஷன் எல்லை தாண்டி ஓடும். டூல் அமைதியாகிவிடும், ஓட்டை புதிய இடத்தில் இருக்கும்.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படுவதற்கு வருகிறேன்: டூலிடம் என்ன கேட்கிறோம் என்பது.

2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்ப்ளீட் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இணைய இணைப்புகளை ரகசியமாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் 1.0.1 பதிப்பில், 2012 மார்ச்சிலிருந்து இருந்த ஓட்டை. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு முனை சிறிய செய்தி அனுப்பும். மறுமுனை அதை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். செய்தியில் வகையைச் சொல்ல ஒரு பைட், நீளத்தைச் சொல்ல இரண்டு பைட், பிறகு உள்ளடக்கம். இரண்டு பைட்டில் 65,535 வரை எழுதலாம். ஒரே ஒரு பைட் அனுப்பிவிட்டு நீளம் 65,535 என்று சொன்னால்? சர்வர் நம்பியது. மெம்காப்பி (மெமரியை நகலெடுக்கும் ஃபங்ஷன்) அந்த நீளத்துக்கு மெமரியை அள்ளி, பதிலாக அனுப்பியது. பக்கத்தில் கிடந்த பாஸ்வேர்ட், செஷன் குக்கி, சில நேரம் சர்வரின் ரகசியச் சாவி எல்லாம் அதில் போயின. கனடா வருமான வரித் துறையிலிருந்து சுமார் 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் திருட்டுப் போனது இப்படித்தான். திருத்தம் என்னவோ சின்னது: சொன்ன நீளம் உண்மையில் வந்த ரெகார்டுக்குள் அடங்குகிறதா என்று பார், அடங்காவிட்டால் சத்தமில்லாமல் தூக்கிப்போடு.

ஸ்டாட்டிக் அனாலிசிஸ் இதைப் பிடித்திருக்க வேண்டும்தானே? பிடிக்கவில்லை. கவரிட்டியும் கோட்டை விட்டது. வெளியிலிருந்து வந்த டேட்டா அந்த மெம்காப்பியை அடைவதற்குள் எத்தனையோ ஸ்ட்ரக்சர், எத்தனையோ ஃபங்ஷன் பாயின்டர் தாண்டி வருகிறது. அந்தப் பாதை முழுவதையும் டூலால் கோர்க்க முடியவில்லை. இந்த நீளம் அந்நியன் கொடுத்தது என்று அதற்குத் தெரியவில்லை. தெரியாதபோது எச்சரித்தால் ஒவ்வொரு மெம்காப்பிக்கும் எச்சரிக்க வேண்டும், அது சத்தம். அதனால் வாயை மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு கவரிட்டிக்காரர்கள் யோசித்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நெட்வொர்க்கில் எண்கள் பெரிய பைட் முதலில் வரும் வரிசையில் வருகின்றன. நம் ப்ராசசர்களில் பெரும்பாலானவை சிறியதை முதலில் வைப்பவை. ஆகவே வெளியிலிருந்து வந்த எண்ணை யாரும் பைட்டைத் திருப்பிப் போடாமல் பயன்படுத்த முடியாது. அப்படியானால் பாதை முழுவதையும் தேட வேண்டியதே இல்லை: எங்கே பைட் திருப்பிப் போடப்படுகிறதோ, அங்கே பிறக்கும் எண்ணை அந்நிய எண் என்று வைத்துக்கொள். ஓபன்எஸ்எஸ்எல்லில் அந்த நீளத்தைப் படிக்கும் மேக்ரோ செய்வது அதைத்தான். இந்த ஒரே யோசனையைச் சேர்த்ததும் டூல் ஹார்ட்ப்ளீடைக் காட்டியது. டூலின் இன்ஜினைப் புதிதாக எழுதவில்லை. ஒரு மனிதர் நிரலைப் பற்றித் தனக்குத் தெரிந்த ஒன்றை அதற்குச் சொல்லிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

இது ஒரு தடவை அடித்த அதிர்ஷ்டம் என்று நினைத்தால், ஐந்து வருடம் கழித்து நடந்ததைப் பாருங்கள். 2019-இல் செம்மில் நிறுவனத்தினர் (பின்னர் கிட்ஹப் வாங்கியது, அவர்களுடைய டூலைத்தான் இன்று கோட்க்யூஎல் என்கிறோம்) யூ-பூட் பூட்லோடரை (சாதனத்தை எழுப்பும் முதல் நிரல்) எடுத்துக்கொண்டார்கள். உங்கள் சாதனங்களில் பாதிக்கு மேல் அதுதான் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். அவர்கள் டூலிடம் கேட்டது கிட்டத்தட்ட அதே கேள்வி: பைட் வரிசை மாற்றும் ஃபங்ஷனிலிருந்து வந்த எண், சரிபார்க்கப்படாமல் மெம்காப்பியின் நீளமாகப் போய்ச் சேரும் இடங்கள் எவை? நெட்வொர்க் வழியாக பூட் செய்யும் பகுதியில் ஆரம்பித்து, 13 ஓட்டைகள். சாதனம் முழுதாக எழுந்திருக்கும் முன்பே வெளியாள் கையில் போகக்கூடிய ஓட்டைகள்.

உங்களிடம் நான் கேட்பது இந்த வகை வேலைக்கு நேரம். உங்கள் தயாரிப்பில் டேட்டா எந்தெந்த வாசல் வழியாக வருகிறது? சீரியல் போர்ட், கேன் பஸ் (வாகனத்துக்குள் கருவிகள் பேசிக்கொள்ளும் இணைப்பு), ப்ளூடூத் பாக்கெட், அப்டேட் ஃபைலின் தலைப்பு. ஒவ்வொரு வாசலிலும் அதைப் படிக்கும் ஃபங்ஷன் எது என்று உங்கள் மூத்த பொறியாளருக்குத் தெரியும். டூலுக்குத் தெரியாது. அவரை இரண்டு நாள் என் பக்கத்தில் உட்கார வையுங்கள். டூலுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். புதிய லைசென்ஸ் வாங்குவதைவிட இது மலிவு. கடையில் வாங்கியபடியே ஓட்டும் டூல், உங்கள் சொந்த மெமரி அலொகேட்டரைக்கூட (மெமரி ஒதுக்கிக் கொடுக்கும் ஃபங்ஷன்) அடையாளம் காணாது.

வார்னிங்கை அடக்குவது பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். 2006-இல் டெபியன் லினக்ஸில் ஓபன்எஸ்எஸ்எல்லைப் பராமரித்தவர், மதிப்புக் கொடுக்காத மெமரி பயன்படுகிறது என்ற எச்சரிக்கை தொந்தரவாக இருக்கிறதென்று, அதற்குக் காரணமாகத் தெரிந்த இரண்டு வரிகளை எடுத்துவிட்டார். (எச்சரித்தது வால்கிரைண்ட், நிரலை ஓட்டிப் பார்க்கும் டூல், ஸ்டாட்டிக் இல்லை. நான் சொல்ல வருவதற்கு அது பொருட்டில்லை.) ஒரு வரி போனால் பெரிய நஷ்டம் இல்லை. இன்னொன்று, ரகசியச் சாவிகள் செய்ய உதவும் ரேண்டம் எண் ஜெனரேட்டருக்கு வெளியிலிருந்து வரும் தற்செயல்தன்மை முழுவதையும் ஊட்டிய வரி. அதை எடுத்த பிறகு மிஞ்சியது ப்ராசஸ் எண் (ஓடும் நிரலுக்குக் கணினி கொடுக்கும் வரிசை எண்) மட்டும். ஆக, ஒரு வகைச் சாவிக்கு 32,768 சாவிகள்தான் சாத்தியம். எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். 2008 மேயில் லூசியானோ பெல்லோ கண்டுபிடிக்கும் வரை, டெபியனிலும் உபுண்டுவிலும் உருவான சாவிகள் இப்படித்தான் இருந்தன. அந்த வரிகளை எடுத்தவர் கவனமில்லாதவர் அல்ல. எடுக்கலாமா என்று ஓபன்எஸ்எஸ்எல் குழுவிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தார்.

ஆகவே ஒரு வார்னிங்கை அடக்கும் வரியும் நிரல் மாற்றம்தான், அதற்கும் ரிவ்யூ வேண்டும். ஏன் அடக்குகிறோம் என்று ஒரு வாக்கியம், அடக்கியவர் பெயர், ஒப்புக்கொண்ட இன்னொருவர் பெயர். ‘ஃபால்ஸ் பாசிட்டிவ்’ என்ற இரண்டு சொல் காரணம் ஆகாது. ‘இந்த நீளத்தை மேலே அழைக்கும் ஃபங்ஷன் ஏற்கெனவே சரிபார்த்துவிட்டது’ என்று எழுதினால் காரணம். பிறகு மேலே உள்ளதை யாராவது மாற்றும்போது இந்த வாக்கியம் பொய்யாகிவிட்டதா என்று பார்க்கவும் முடியும்.

பணமே செலவழிக்காமல் கிடைப்பவற்றை நாம் எடுத்துக்கொள்வதே இல்லை என்பது தனி வருத்தம். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாக ஐஓஎஸ் 7.0.6 வெளியிட்டது ஒரே ஒரு வரியால்: சர்வரின் கையெழுத்தைச் சரிபார்க்கும் ஃபங்ஷனில் ‘கோ-டூ ஃபெயில்’ என்ற வரி இரண்டு முறை வந்துவிட்டது. இரண்டாவது எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படாமல் எப்போதும் தாவும். அதற்குக் கீழே இருந்த சரிபார்ப்பு ஓடவே ஓடாது. எட்ட முடியாத நிரல் இருக்கிறது என்று சொல்லும் வசதி கிளாங் கம்பைலரில் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) அப்போதே இருந்தது. வழக்கமாகப் போடும் டபிள்யூ-ஆல் கொடியில் அது சேராது, தனியாகப் போட வேண்டும். ஜிசிசி என்ற இன்னொரு கம்பைலரில், இன்டென்டேஷன் (வரியை உள்தள்ளி எழுதும் விதம்) ஏமாற்றுகிறது என்று சொல்லும் எச்சரிக்கை 2016-இல், 6-ஆம் பதிப்பில் வந்தது. 2020-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து ஜிசிசிக்குள்ளேயே சி நிரலுக்கு ஓர் அனலைசர் இருக்கிறது. இவற்றை ஓட்ட பர்ச்சேஸ் ஆர்டர் வேண்டாம். ஆனால் நீங்கள் பழைய டூல்செயினிலேயே தொங்கிக்கொண்டிருந்தால் இவை கிடைக்காது. சிப் விற்றவர் எட்டு வருடம் முன்பு கொடுத்த கம்பைலரை இன்னும் மாற்றாத இடங்களை எனக்குத் தெரியும்.

டூலை எல்லாமாக நினைத்துவிட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இணையம் வழியாக டேட்டா அனுப்ப, பெற உதவும் கர்ல் லைப்ரரியில் 2020-இல் புகுந்த ஒரு ஹீப் ஓவர்ஃப்ளோ (ஒதுக்கிய மெமரியின் எல்லை தாண்டி எழுதும் பிழை) 2023 அக்டோபரில் திருத்தப்பட்டது. பல ஸ்டாட்டிக் அனாலிசிஸ் டூல்களைத் திரும்பத் திரும்ப ஓட்டியும் அந்த ஃபங்ஷனில் எதுவும் சிக்கவில்லை என்று அதன் ஆசிரியர் டேனியல் ஸ்டென்பெர்க் வெளிப்படையாக எழுதினார். கர்லைவிட ஒழுங்காகப் பராமரிக்கப்படும் சி நிரலை நான் அதிகம் பார்த்ததில்லை. ஃபஸ்ஸிங்கும் (தாறுமாறான டேட்டாவைக் கொடுத்துச் சோதிப்பது) சானிடைசர் (ஓடும்போதே மெமரிப் பிழையைப் பிடிக்கும் வசதி) போட்ட சோதனையும் கூடவே வேண்டும். அது இன்னொரு மடலுக்கான விஷயம்.

இப்போதைக்கு என் கோரிக்கை எளிது. அடுத்த ப்ராஜெக்ட்டின் எஸ்டிமேட்டில் அறிக்கை படிக்கும் நாட்களைத் தனி வரியாகச் சேருங்கள். டெஸ்டிங் என்ற வரிக்குள் ஒளித்து வைக்காதீர்கள், டெட்லைன் நெருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது ஒளிந்திருப்பதுதான். டூல் ரிவ்யூ நேரத்தில் ஓடட்டும். ரிலீஸ் ஒப்புதல் கூட்டத்தில் ‘எத்தனை வார்னிங் பாக்கி?’ என்று கேட்காதீர்கள். வெளியிலிருந்து வரும் நீளங்கள் எந்தெந்த இடத்தில் உள்ளே நுழைகின்றன, அங்கே டூல் என்ன சொன்னது, யார் படித்தது என்று கேளுங்கள். பதில் சொல்ல ஒரு வாரம் வேண்டும் என்று அந்தப் பொறியாளர் சொன்னால், அந்த ஒரு வாரத்தைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அறிக்கைகளைப் படிக்கும் பொறியாளர்களில் ஒருவன்